கத்தி வைக்க முன் பேச வேண்டியது

மார்பை அகற்றிய பிறகு சிலிக்கோன் இம்பிளான்ட் வைத்து மீளமைக்கலாம். அது எப்படித் தங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் பின்னே வரும் கதிர்ச் சிகிச்சை.

‘மார்பை எடுக்க வேண்டிவரும்’ என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லி முடித்ததும் குடும்பம் கேட்கிற கேள்விகள் யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உயிருக்கு ஆபத்து இருக்கா? மருந்து ஏத்தினால் முடி கொட்டுமா? எத்தனை நாள் ஆஸ்பத்திரியில நிக்க வேணும்? என்ன சாப்பாடு குடுக்கலாம்? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் நோயாளியான பெண் தன் மனதுக்குள் வைத்திருக்கிற ஒரு கேள்வி மட்டும் வாய்க்கு வருவதில்லை. எடுத்த இடத்தில் பிறகு என்ன இருக்கும்? கேட்டால் ‘உயிர் தப்பினால் காணாதே, இந்த நேரத்தில அழகைப் பற்றியோ யோசிக்கிறாய்?’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். ஐம்பது வயது கடந்தவளென்றால் அவளே அதைத் தனக்குச் சொல்லிக்கொண்டு விடுவாள்.

இது அழகு பற்றிய கேள்வி மட்டுமல்ல. ஒரு பக்கம் மார்பில்லாத உடம்பில் பிளவுஸின் தோள் அந்தப் பக்கமாகவே நழுவும். உள்ளே வைக்கிற பஞ்சும் துணியும் எடையற்றவை. கிணற்றில் வாளியை இழுக்கவோ கொடியில் உடுப்புப் போடவோ கையை உயர்த்தினால் மேலே ஏறிவிடும். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தாலும் அப்படித்தான். அதைச் சரிசெய்ய அடிக்கடி சேலைத் தலைப்பை இழுத்து விடுகிற பழக்கம் வரும். பிறகு கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் போவது குறையும். அளவெடுத்துத் தைக்கக் கொடுக்கக் கூச்சப்பட்டு, பழைய சட்டைகளையே பிரித்துப் பிரித்துத் தைக்கிற பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கண்ணாடி முன் நிற்காமல் உடுப்பு மாற்றப் பழகியவர்களும் இருக்கிறார்கள். நோய் முடிந்து பத்து வருடமானாலும் இவை முடிவதில்லை.

மார்பு மீளமைப்பு என்று ஒரு வழி இருக்கிறது. எல்லோருக்கும் அது பொருந்தாது, எல்லோருக்கும் அது தேவையுமில்லை. ஆனால் அதைப் பற்றிய பேச்சு மார்பை அகற்றும் முன் நடக்க வேண்டும். அகற்றிய பிறகு நடந்தால், அதிலும் கதிர்ச் சிகிச்சை முடிந்த பிறகு நடந்தால், சில கதவுகள் ஏற்கெனவே மூடியிருக்கும்.

தெல்லிப்பளை வரை வந்த சிகிச்சை

வடக்கின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஒரு நீண்ட நடையின் கதை உண்டு. 2011 யூலையில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, 27 நாட்கள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர், நாட்டின் எல்லாப் பக்கத்து மக்களும் சேர்ந்து நடந்தார்கள். ‘ட்ரெயில்’ என்ற அந்த நடையில் திரட்டிய பணத்தில்தான் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையோடு சேர்ந்த ட்ரெயில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016இல் அதே பாதையை எதிர்த் திசையில், பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு நடந்து, காலி கராப்பிட்டிய புற்றுநோய் வைத்தியசாலைக்காகப் பணம் சேர்த்தார்கள். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்து, ஊரே உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன பகுதி தெல்லிப்பளை. அந்த மண்ணில் இப்படி ஒரு கட்டடம் எழுந்ததன் பெறுமதியை வெளியாருக்கு விளக்குவது கடினம்.

யுத்த காலத்தில் புற்றுநோய் என்றால் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைதான். 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது அந்த மகரகமவுக்குப் போவதற்கே கப்பலுக்கோ விமானத்துக்கோ இடம் தேட வேண்டியிருந்தது. பயண அனுமதியான கிளியரன்ஸ் கிடைக்கும் வரை கட்டி காத்திருக்கவில்லை. அந்த நாட்களில் மார்பு மீளமைப்பு என்று யாரும் பேசாதது விளங்குகிறது. உயிர் ஒன்றே பேச்சாக இருந்த காலம் அது.

இன்று நிலைமை வேறு. மருந்து ஏற்றுவதும் கதிர்ச் சிகிச்சையும் தெல்லிப்பளையில் நடக்கின்றன. யாழ். போதனா வைத்தியசாலையில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. இலங்கைப் பெண்களிடையே முதலிடத்தில் இருக்கும் புற்றுநோய் மார்புப் புற்றுநோய். அதனால் இந்தச் சிகிச்சைகளுக்குப் போகிறவர்களில் பெருந்தொகையானோர் மார்புப் புற்றுநோய்ப் பெண்கள்தான். சிகிச்சை ஊருக்கு வந்துவிட்டது. சிகிச்சைக்குப் பிந்திய வாழ்வைப் பற்றிய பேச்சு இன்னும் பின்தங்கி நிற்கிறது என்பதே என் எண்ணம்.

இம்பிளான்ட் வைத்தால் உடம்பு என்ன செய்யும்?

முதல் சிலிக்கோன் இம்பிளான்ட் 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் தோமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரண்டு சத்திரசிகிச்சையாளர்களால் வைக்கப்பட்டது. அது மார்பைப் பெரிதாக்கச் செய்த சத்திரசிகிச்சை. புற்றுநோயால் மார்பை இழந்தவர்களுக்கு அதை வைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. எடுத்த மார்போடு தோலின் ஒரு பகுதியும் போய்விடும். மிஞ்சிய தோல் நெஞ்செலும்போடு ஒட்டி இறுகி இருக்கும், உள்ளே எதையும் வைக்க இடமிராது.

அதற்கு வந்த வழிதான் எக்ஸ்பாண்டர். வெறும் சிலிக்கோன் பை ஒன்றை மார்புத் தசையின் கீழோ மேலோ வைத்துத் தைத்துவிடுவார்கள். காயம் ஆறிய பிறகு கிளினிக்குக்கு வரவைத்து, தோலுக்கு வெளியே காந்தத்தால் பையின் வாய் எங்கே என்று தேடி, அந்த இடத்தில் மெல்லிய ஊசியால் உப்புநீரை ஏற்றுவார்கள். ஒரு முறைக்கு 50, 60 மில்லிலீற்றர் அளவில். அன்றிரவு நெஞ்சு இறுகிக் கனக்கும், ஓரிரு நாளில் தணியும். கிழமை தவறாமல் இப்படிச் சில தடவை செய்ய, தோல் விரிந்து கொடுக்கும். போதிய அளவு வந்ததும் இரண்டாவது சத்திரசிகிச்சையில் பையை எடுத்துவிட்டு நிரந்தர இம்பிளான்டை வைப்பார்கள். சில பெண்களுக்கு, தோல் போதுமான அளவு மிஞ்சியிருந்தால், மார்பை எடுக்கும் அதே மேசையில் நேரடியாக இம்பிளான்டையே வைத்துவிடலாம்.

வெளியிலிருந்து எது உள்ளே போனாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறையைக் கட்டும். கெடுதல் ஒன்றுமில்லை, எல்லோருக்கும் நடப்பது. அந்த உறை மென்மையாக இருக்கும் வரை இம்பிளான்டும் மென்மையாக இருக்கும். சிலருக்கு அது தடித்துச் சுருங்கும். தவிலுக்கு இழுத்துக் கட்டிய தோல் காயக் காய இறுகுவதுபோல உள்ளே இருப்பதைப் பிடித்து நெரிக்கும். மருத்துவர்கள் இதை நாலு படியாகப் பிரிப்பார்கள். முதற் படியில் மார்பு இயல்பாகவே இருக்கும். இரண்டாவதில் தொட்டால் சற்றுக் கடினம். மூன்றாவதில் பார்த்தாலே உருவம் மாறியது தெரியும். நாலாவதில் வலிக்கும், இரவில் ஒருக்களித்துப் படுக்க முடியாது. மூன்றும் நாலும் வந்தால் திரும்பவும் சத்திரசிகிச்சை மேசைதான்.

இந்த இறுக்கத்தைக் கூட்டுவதில் கதிர்ச் சிகிச்சைக்கு நிகராக வேறொன்றில்லை.

கதிர் செய்யும் வேலை

கதிர் புற்றுக் கலங்களை அழிக்கிறது. அதே வேளையில் அந்தப் பாதையில் கிடக்கும் நுண்ணிய குருதிக் குழாய்களின் உட்சுவரையும் காயப்படுத்துகிறது. குருதியோட்டம் குறைந்த இழையம் நாராக மாறும். தோல் மெலியும், நிறம் கறுக்கும், விரிந்து கொடுக்கிற குணம் போகும். சிகிச்சை முடிந்த அன்று இது நிற்பதில்லை. மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஆறாம் மாதம் நன்றாக இருந்த இம்பிளான்ட் இரண்டாம் வருடம் கல்லாகிப்போவதுண்டு. தையல் போட்ட இடம் ஆறாமல் வாய் திறப்பதும், அதனூடாகக் கிருமி இறங்குவதும், கடைசியில் இம்பிளான்டையே கழற்றி எடுக்க வேண்டி வருவதும் கதிர் பட்ட மார்பில்தான் அதிகம்.

எவ்வளவு அதிகம்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 மருத்துவ நிலையங்களில் மீளமைப்புச் செய்துகொண்ட பெண்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. கதிர் பெற்றவர்கள் 622 பேர், பெறாதவர்கள் 1,625 பேர். இம்பிளான்ட் வைத்துக் கதிரும் பெற்றவர்களில் நூற்றுக்கு 38.9 பேருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்தது. கதிர் பெறாத இம்பிளான்ட் பெண்களில் அது 21.8. சொந்த உடம்பின் சதையை எடுத்து மீளமைத்தவர்களின் கணக்கோ வேறு மாதிரி: கதிர் பெற்றவர்களில் 25.6, பெறாதவர்களில் 28.3. மீளமைத்த மார்பையே இழந்தவர்கள், கதிர் பெற்ற இம்பிளான்ட் பெண்களில் நூற்றுக்கு 18.7 பேர். கதிர் பெற்ற சொந்தச் சதைக்காரரில் நூற்றுக்கு ஒருவர்.

இந்த எண்களை இரண்டு பக்கமும் வாசிக்க வேண்டும். கதிர் தேவையில்லாத பெண்ணுக்கு இம்பிளான்ட் மோசமான தெரிவல்ல. சிக்கல் குறைவு, சத்திரசிகிச்சை நேரம் குறைவு, உடம்பின் வேறிடத்தில் காயமில்லை. கதிர் பெற்றவர்களிலும் பெரும்பாலானோருக்கு இம்பிளான்ட் அந்த இரண்டு வருடமும் தங்கியிருந்தது. ஆனால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் அதை இழப்பார் என்பது சின்ன விடயமல்ல. அதைத் தெரிந்துகொண்டு ‘பரவாயில்லை, செய்யுங்கோ’ என்று சொல்கிற பெண்ணுக்கும், தெரியாமலே படுத்து எழும்பி இரண்டாம் வருடம் அதிர்ந்துபோகிற பெண்ணுக்கும் நடுவே நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இதை வாசித்துவிட்டு ‘அப்படியென்றால் எனக்குக் கதிர் வேண்டாம்’ என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பீர்களானால் அது இந்த எச்சரிக்கையாக இருக்கட்டும். கமக்கட்டில் ஒன்றிலிருந்து மூன்று நிணநீர்க் கணுக்கள் வரை மட்டும் நோய் பரவிய பெண்களிலும், மார்பை அகற்றிய பின் தரும் கதிர் நோய் திரும்புவதையும் மார்புப் புற்றுநோயால் இறப்பதையும் குறைக்கிறது என்று ஒக்ஸ்போர்ட்டிலிருந்து 2014இல் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது. கதிரை விட்டு மார்பைக் காப்பது என்பது நோயை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுவது. மாற்றக் கூடியது மீளமைப்பின் வகையும் நேரமும்தான்.

எது முதலில், எது பிறகு

சொந்தச் சதை என்று சொன்னேன். அதில் இரண்டு வழிகள் பெருவழக்கு. ஒன்று, முதுகில் தோள்பட்டைக்குக் கீழே இருக்கும் அகன்ற தசையைத் தோலோடு சேர்த்து, குருதிக் குழாய் அறாமல் முன்னே திருப்பிக் கொண்டுவருவது. மற்றது, அடிவயிற்றின் கொழுப்பையும் தோலையும் எடுத்து நெஞ்சில் வைப்பது. இதில் தசையைச் சேர்த்து எடுக்கிற பழைய முறையும், தசையை விட்டுவிட்டுக் கொழுப்பையும் குருதிக் குழாயையும் மட்டும் எடுத்து நுண்நோக்கியின் கீழ் மயிர் நூலால் இணைக்கிற புதிய முறையும் உண்டு. பின்னது பல மணி நேர வேலை. பழகிய கைகளும், இரவிரவாக இணைத்த சதையின் நிறத்தையும் சூட்டையும் மணிக்கு மணி பார்க்கத் தெரிந்த தாதியரும் வேண்டும்.

முதுகுத் தசை எடுப்பதைப் பற்றி நம் ஊர்ப் பெண் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தத் தசை கையைக் கீழ்நோக்கி இழுக்கும் வேலையைச் செய்வது. மற்றத் தசைகள் காலப்போக்கில் ஈடுகொடுக்கும் என்றாலும், நாளாந்தம் கிணற்றில் தண்ணி அள்ளுகிறவர், தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறவர், கடற்கரையில் வலை இழுக்கிறவர் அதைத் தன் சத்திரசிகிச்சையாளரிடம் சொல்லியாக வேண்டும். கந்தோரில் வேலை செய்கிறவருக்குப் பொருந்துவது இவருக்குப் பொருந்த வேண்டியதில்லை. வயிற்றுச் சதை எடுத்தால் வயிற்றுச் சுவர் பலவீனப்பட்டுக் குடலிறக்கம் வரலாம் என்பதும் அப்படித்தான்.

நேரம் பற்றிய கேள்வி இன்னும் சிக்கலானது. மார்பை எடுக்கும்போதே மீளமைப்பைத் தொடங்கலாம், அல்லது எல்லாச் சிகிச்சையும் முடிந்த பிறகு செய்யலாம். கதிர் நிச்சயம் என்று முன்பே தெரிந்தால், முதலில் மார்பை எடுத்து, கதிர் முடித்து, தோல் ஆற ஆறு மாதமோ அதற்கு மேலோ பொறுத்து, சொந்தச் சதையால் மீளமைப்பது பல இடங்களில் பழகிய பாதை. கதிர் பட்டு இறுகிய தோலுக்குள் இம்பிளான்டை மட்டும் திணிப்பதைத்தான் பெரும்பாலான சத்திரசிகிச்சையாளர்கள் தவிர்க்கப் பார்ப்பார்கள். கதிர் தேவையா என்பது நிணநீர்க் கணுவின் அறிக்கை வந்த பிறகே தெரியும் என்ற நிலையில், இடத்தைப் பிடித்துவைக்க ஓர் எக்ஸ்பாண்டரை வைத்துவிட்டு, அறிக்கையைப் பார்த்து அடுத்ததை முடிவெடுக்கிற நடுவழியும் உண்டு. பிரித்தானியாவின் நைஸ் என்ற சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல், கதிர் தேவைப்படக்கூடிய பெண்ணுக்கும் உடனடி மீளமைப்பை முன்வைக்கச் சொல்கிறது, வேறு நோய்கள் தடுக்காவிட்டால். ஆக இங்கே ஒரே ஒரு சரியான விடை இல்லை. உள்ள விடைகளை அவள் முன் வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி.

கீமோ மருந்தைப் பொறுத்தவரை பயம் சற்றுக் குறையலாம். சத்திரசிகிச்சைக்கு முன்பே மருந்து ஏற்றி முடித்து, குருதிக் கலங்கள் தேற நாலைந்து கிழமை விட்டு மேசைக்குப் போகிறவர்களில் மீளமைப்பு பெரும்பாலும் சிக்கலின்றி முடிகிறது. அந்த மருந்துக் காலம் சில மாதங்கள் நீளும். மீளமைப்புப் பற்றி யோசிக்க, வீட்டில் பேச, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்த்துவர அது நல்ல அவகாசம். கவலைப்பட வேண்டியது மறுபக்கத்தில். மார்பை எடுத்து உடனே மீளமைத்து, பிறகு மருந்து ஏற்ற வேண்டிய பெண்ணுக்குக் காயம் ஆறாமல் இழுபட்டால் மருந்தும் இழுபடும். சத்திரசிகிச்சைக்குப் பின் 90 நாட்களுக்கு மேல் கீமோ தாமதித்தவர்களில் உயிர் பிழைப்பது குறைந்ததை 2016இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வொன்று காட்டியிருக்கிறது. மீளமைப்பு புற்றுநோய்ச் சிகிச்சையைப் பின்தள்ளும் என்று தோன்றினால் மீளமைப்பைப் பின்தள்ளுவதே சரி. தமொக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். குருதி உறையும் ஆபத்தை அது சற்றுக் கூட்டும் என்பதால், நுண்குழாய் இணைப்புக்கு முன் சில கிழமைகள் நிறுத்தச் சொல்கிற நிபுணர்கள் இருக்கிறார்கள். தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

புற்றுநோய்ச் சிகிச்சையோடு சேராத, ஆனால் அதே மேசைக்கு நம்மோடு வந்து படுக்கிற இரண்டு விடயங்களைச் சொல்லாமல் போக முடியாது. ஒன்று சீனி வருத்தம். கட்டுப்பாட்டில் இல்லாத சீனி காயத்தை ஆறவிடாது, கிருமிக்கு இடம் கொடுக்கும், அதன்மேல் கதிரும் சேர்ந்தால் இம்பிளான்டின் கதி மோசம். மற்றது புகையிலை. பெண்கள் எங்கே புகைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு டொக்டர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் வெற்றிலையோடு புகையிலை போடுகிற அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். வாய்வழியாகப் போகிற நிக்கொட்டினும் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சுருக்கும். சத்திரசிகிச்சைக்குப் பல கிழமைகள் முன்பே அதை விட வேண்டும் என்று யாராவது அந்த அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நெடுந்தீவிலிருந்து வருகிறவள்

மேல்நாட்டுப் புத்தகங்களில் இல்லாத ஒரு கணக்கு நம்மிடம் இருக்கிறது. தூரம். எக்ஸ்பாண்டர் வைத்தால் கிழமைக்கொரு தரம் ஊசிக்கு வர வேண்டும். கதிர் என்றால் கிழமையில் ஐந்து நாள். நெடுந்தீவிலிருந்து படகில் குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து பஸ் மாறி வருகிற பெண்ணுக்கும், முல்லைத்தீவிலிருந்து விடிய முன் புறப்படுகிற பெண்ணுக்கும் ஐந்து கிழமை என்பது அடுப்பு, ஆடு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, கூலி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிற காலம். காற்றுக் காலத்தில் படகு ஓடாத நாளும் வரும்.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 25 தடவையாகக் கொடுத்த கதிரை 15, 16 தடவையாகச் சுருக்கி மூன்று கிழமையில் முடிப்பது, மார்பைப் பாதுகாத்துச் செய்யும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. இம்பிளான்ட் வைத்த பெண்களுக்கும் அதைக் கொடுக்கலாமா என்ற தயக்கம் மட்டும் நீண்ட காலம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அளவு கூடுவதால் இறுக்கம் கூடுமோ என்ற பயம். இம்பிளான்ட் மீளமைப்புச் செய்த 400 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ‘ஃபேப்ரெக்’ ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. 16 தடவை பெற்றவர்களுக்கும் 25 தடவை பெற்றவர்களுக்கும் சிக்கல்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சுருங்கிய முறையில் வேலையை விட்டுவிட்டு நிற்கும் நாட்கள் குறைந்தன. அமெரிக்க நகரத்துப் பெண்ணுக்கு இது வசதி. தீவகத்துப் பெண்ணுக்கு இது சிகிச்சையை முழுதாக முடிப்பதா, பாதியில் விடுவதா என்ற கேள்வி. உங்கள் கதிர்ச் சிகிச்சை நிபுணரிடம் இதைக் கேட்கலாம்.

கேட்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எக்ஸ்பாண்டரின் வாயில் உலோகமும் காந்தமும் இருக்கும். கதிர் போகும் பாதையைக் கணக்கிடுகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கிற அறைக்கு அந்தக் காந்தத்தோடு போவது ஆபத்து. இந்தியாவிலோ கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரியிலோ வைத்துக்கொண்டு வந்து இங்கே தொடர் சிகிச்சை பெறுகிறவர்கள், இம்பிளான்டோடு தரும் அட்டையைக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

அந்த அட்டைக்கு இன்னொரு தேவையும் உண்டு. 2019 யூலையில் அலர்கன் நிறுவனம் தன் சொரசொரப்பான மேற்பரப்புள்ள ‘பயோசெல்’ இம்பிளான்டுகளை உலகம் முழுவதும் மீளப்பெற்றது. இம்பிளான்டைச் சுற்றிய உறையில் தோன்றும் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோயோடு அவற்றுக்குத் தொடர்பு தெரிந்ததே காரணம். தனக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த வகை என்று தெரியாத பெண்ணால் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு என்ன செய்ய முடியும்? இம்பிளான்ட் ஆயுள் முழுவதற்குமான பொருளுமல்ல. உள்ளுக்குள் சத்தமில்லாமல் கிழிந்திருக்கிறதா என்று ஐந்தாறு வருடத்தில் ஒரு தரமும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தரமும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. நம் பக்கத்தில் அந்த ஸ்கேனுக்கு எங்கே போவது, யார் செலவு செய்வது என்பதையும் வைக்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துக்கே தட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கவில்லை.

இம்பிளான்டைத் தாங்கிப் பிடிக்க இப்போது பல இடங்களில் பதப்படுத்திய தோல் விரிப்பு வைக்கிறார்கள். அது இறந்த மனிதரின் தோலிலிருந்தோ பன்றி, மாடு ஆகியவற்றின் தோலிலிருந்தோ எடுத்தது. சைவப் பெண்ணுக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் இது தெரிய வேண்டிய விடயம். தெரிந்த பிறகு சம்மதிப்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம்.

ரொறன்ரோவிலிருந்து வரும் தொலைபேசி

புலம்பெயர்ந்த உறவுகள் இந்தப் பேச்சுக்குள் அன்போடு வருவார்கள். அங்கே மச்சாளுக்கு அப்படிச் செய்தார்கள், ஏன் இங்கே செய்யவில்லை என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மார்பை அகற்றுவதற்குப் பணம் கொடுக்கும் மருத்துவக் காப்புறுதி மீளமைப்புக்கும் கொடுக்க வேண்டும் என்கிறது. அப்படியான உரிமை எங்களுக்கும் வர வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் ஒருவரின் சிகிச்சை இன்னொருவருக்கு அளவுகோலாகாது. 2013இல் நடிகை ஆஞ்சலினா ஜோலி இரண்டு மார்பையும் அகற்றி இம்பிளான்ட் வைத்ததை வெளிப்படையாக எழுதியபோது உலகமே பேசியது. அவருக்கு மார்பில் புற்றுநோய் இருக்கவில்லை. மரபணு ஆபத்துத் தெரிந்து முன்கூட்டியே அகற்றினார். ஆகவே கதிரும் இல்லை, கீமோவும் இல்லை. நோய் முற்றி, கணுவுக்குப் பரவி, கதிர் பெற்ற பெண் அவருடைய படத்தைப் பார்த்துத் தன் முடிவை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

நோயைத் தொடக்கத்தில் பிடிப்பதும் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. கட்டி சிறிதாக இருக்கும்போது வருகிற பெண்ணுக்கு மார்பை முழுதாக எடுக்காமலே கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் கொடுக்கலாம். இத்தாலியின் வெரொனேசியும் அமெரிக்காவின் ஃபிஷரும் 1980களில் காட்டி, 20 வருடத் தொடர் கணக்கோடு 2002இல் உறுதிசெய்த விடயம் அது. உயிர் பிழைப்பதில் இரண்டு வழிக்கும் வித்தியாசமில்லை. மார்பை எடுக்க நேர்ந்தாலும், கணுவுக்குப் பரவாதவளுக்குக் கதிர் தேவைப்படாமல் போகும் வாய்ப்பு அதிகம், இம்பிளான்டும் நன்றாகத் தங்கும். கட்டியை வருடக் கணக்கில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தவளுக்குத் தெரிவுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். 1996இல் தொடங்கிய ‘வெல் வுமன்’ கிளினிக் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கிறது. 35 வயது கடந்தவர்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாள் சொல்வார்.

மீளமைப்பே வேண்டாம் என்று சொல்கிற பெண்ணும் இருக்கிறாள். அவளுடைய முடிவு குறைந்ததல்ல. அமெரிக்கக் கவிஞர் ஓட்றி லோர்ட் மார்பை இழந்த பிறகு செயற்கை மார்பு அணிய மறுத்தார். அதை அணியாமல் வந்தால் மருத்துவ நிலையத்திலுள்ளோரின் மனம் சோர்ந்துவிடும் என்று தாதி ஒருவர் சொன்னதை 1980இல் வெளிவந்த தன் நூலில் கோபத்தோடு பதிந்திருக்கிறார். மீளமைப்பைத் திணிப்பதும் அதை மறைப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். வெளியில் அணியும் செயற்கை மார்பு பலருக்குப் போதும். நம் வெயிலுக்குக் கனமான சிலிக்கோனைவிடப் பருத்தி நூலில் பின்னியது இதம். சிறிது எடை சேர்த்து, பிராவுக்குள் பை தைத்து அதில் வைத்தால் கையை உயர்த்தினாலும் ஏறாது. ஊரில் தையல் தெரிந்த ஒருவர் செய்து கொடுக்கக்கூடிய வேலை.

சிகிச்சை தருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மார்பை அகற்ற முடிவான அன்றே, மீளமைப்புப் பற்றிப் பேசப்பட்டதா, கதிர் தேவைப்படுமா என்ற இரண்டையும் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்கள் மூவரும் ஒரு மேசையில் இருந்து ஒரு பெண்ணின் கோவையைப் பார்ப்பதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை.

வாசிக்கிற சகோதரிகளுக்கு: திகதி கொடுக்கும் நாளில் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்குக் கதிர் தேவைப்படுமா, அது எப்போது தெரியவரும், மீளமைப்பு வேண்டுமென்றால் இப்போதா பிறகா, என் உடம்புக்கு இம்பிளான்டா சொந்தச் சதையா, செலவு யாருடையது என்று கேளுங்கள். விடை விளங்காவிட்டால் திரும்பவும் கேளுங்கள். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து அதற்குப் பிறகு வைக்கலாம்.